காடு வளர்ந்தா ஏன் வருத்தம்? கட்டலான் எழுத்தாளர்கள் நிலத்தைப் பத்தி எழுதுற விதம்

ஸ்பெயினோட வடகிழக்கு மூலையில இருக்குற கட்டலோனியா கிராமங்கள்ல வயசானவங்க அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை 'பொஸ்க் ப்ருத்'. நேரா சொன்னா அழுக்குக் காடு. யாரோ குப்பை கொட்டினதால வந்த அழுக்குன்னு நினைச்சுடாதீங்க. அடியில புதர் மண்டி, காஞ்ச கிளையெல்லாம் விழுந்து கெடந்து, பைன் கன்னுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு ஆளு நுழைய வழியில்லாம நிக்குற காட்டைத்தான் அப்படி சொல்றாங்க. சுற்றுச்சூழல் படிச்சவங்களுக்கு இந்த வார்த்தைய கேட்டாலே கோவம் வரும், அந்தப் புதர்ல தானேய்யா பறவையும் பூச்சியும் வாழுது அது எப்படி அழுக்காகும்னு சண்டைக்கு வருவாங்க. ஆனா சொல்றவருக்கு அது வேற கணக்கு. அவரோட தாத்தா அங்க ஆடு மேய்ச்சிருப்பாரு, அப்பா கரி சுட்டிருப்பாரு, இப்ப அங்க போக பாதையே இல்ல.

நமக்கு காடுன்னா அழிஞ்சுக்கிட்டே இருக்குற ஒண்ணு, அது வளருதுன்னா சந்தோஷ செய்தி. அதனால கட்டலான் மொழியில வர்ற கிராமம், இயற்கை, சுற்றுச்சூழல் சம்பந்தமான கட்டுரை, டைரி, பயண எழுத்து எதைப் படிக்க ஆரம்பிச்சாலும் முதல்ல கொஞ்சம் குழப்பமா இருக்கும். காடு பெருகுறதை ஒரு சாவு செய்தி மாதிரி எழுதுறாங்களே, என்னடா இதுன்னு தோணும். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துட்டா மீதி எல்லாம் புரிஞ்சுடும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்துல கப் தெ க்ரேயுஸ்னு கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு மலைப்பகுதி இருக்கு. தூரத்துல இருந்து பாத்தா வெறும் பாறையும் முள்ளும். கிட்ட போய் பாத்தா அந்தப் புதருக்குள்ள சரிவு முழுக்க படிக்கட்டு மாதிரி கல்லுச் சுவர், சாந்து எதுவும் வைக்காம கல்லை கல்லு மேல அடுக்கிக் கட்டினது, ஒரு காலத்துல ஒவ்வொரு படியிலயும் திராட்சைக் கொடி நின்னுச்சு. 1879ல ஃபிலோக்சேரான்னு ஒரு குட்டிப் பூச்சி பிரான்ஸ்ல இருந்து இந்த வழியாத்தான் உள்ள வந்து வேரைத் தின்னு தோட்டத்தையெல்லாம் காலி பண்ணுச்சு. பல சரிவுகள்ல திரும்ப நடவே இல்ல, ஆளுங்க ஊரை விட்டுட்டுப் போயிட்டாங்க, சுவர் மட்டும் நிக்குது. அதுக்கப்புறம் ரெண்டாவது அடி 1950, 60கள்ல வந்துச்சு, அதுக்குக் காரணம் கேஸ் சிலிண்டர்னா நம்புவீங்களா. வீட்டுக்கு வீடு பியூட்டேன் கேஸ் வந்ததும் கரிக்கும் விறகுக்கும் விலை இல்லாம போச்சு, மலையில குடிசை போட்டு வாரக்கணக்குல கரி மூட்டம் காத்துக்கிட்டு இருந்த கரிக்காரங்க இறங்கி பார்சிலோனா ஃபேக்டரிகளுக்குப் போனாங்க, காட்டை வெட்ட ஆளில்ல, மேய்க்க ஆளில்ல, காடு பாட்டுக்கு வளர்ந்துச்சு. இன்னிக்கு கட்டலோனியாவோட பரப்புல 60 சதவீதத்துக்கு மேல காடும் புதரும், அதுல முக்கால் பங்கு தனியார் சொத்து. மனுஷங்க சுமார் 80 லட்சம் பேர்ல மூணுல ரெண்டு பங்கு பார்சிலோனாவைச் சுத்தியே இருக்காங்க.

அதனால இங்க 'தனியா காட்டுக்குள்ள போய் தன்னைக் கண்டுபிடிச்ச மனுஷன்' டைப் எழுத்து ஒட்டவே மாட்டேங்குது. ஆள் காலே படாத காடுன்னு சொல்ல அங்க கிட்டத்தட்ட எதுவும் கிடையாது, ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான், ஒரு பேரு இருந்துச்சு, வருஷத்துக்கு இவ்வளவு கிலோன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இயற்கைன்னு அவங்க எழுதுறதுல பாதி அந்தக் கணக்கு முடிஞ்சு போன கதைதான். இதுதான் என் வாசிப்பு, எல்லாரும் ஒத்துக்கணும்னு இல்ல.

ஆரம்பத்துல இப்படி இல்லதான். 19ஆம் நூற்றாண்டு கடைசியில பார்சிலோனா படிச்சவங்களுக்கு மலைன்னா தேசம். 1876ல எக்ஸ்கர்ஷன் போறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, மலை ஏறுவாங்க, பழைய சர்ச் கட்டடங்களைப் படம் வரைவாங்க, நாட்டுப்பாட்டு சேகரிப்பாங்க. ஜசிந்த் வெர்தகேர்ங்கிற பாதிரியார் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல இருக்குற பிரனீஸ் மலை முழுக்க நடந்து குறிப்பெடுத்து 1886ல 'கனிகோ'ன்னு ஒரு மலையையே நாயகனாக்கி காவியம் எழுதினாரு. அழகுதான், ஆனா அதுல உழுறவன் முதுகுவலி தெரியாது.

முதுகுவலியைக் கொண்டு வந்தது ஜுசெப் ப்ளா (1897–1981). கட்டலான் உரைநடைன்னாலே இவர் பேர்தான் முதல்ல வரும், பிடிச்சாலும் பிடிக்காட்டியும். எம்போர்தா சமவெளியில பலஃப்ருஜெல் ஊர்க்காரரு, பாட்டில் மூடிக்கான கார்க் செய்யுற ஊர் அது, சுத்தி கார்க் ஓக் மரக்காடு. ஃப்ளூ காய்ச்சலால யுனிவர்சிட்டிய மூடிட்டாங்கன்னு 1918 மார்ச்ல வீட்டுக்கு வந்தவரு டைரி எழுத ஆரம்பிச்சதா 'எல் க்வதெர்ன் க்ரிஸ்', அதாவது சாம்பல் நோட்டு, தொடங்குது. ஆனா அது புத்தகமா வந்தது 1966ல, நடுவுல பல வருஷம் அதைத் திருத்திக்கிட்டும் வளர்த்துக்கிட்டும் இருந்தாரு, 21 வயசுப் பையனோட டைரியில 60 வயசுக்காரன் கண்ணு இருக்குறது அதனாலதான். அவரோட மொத்த எழுத்து 40 தொகுதிக்கும் மேல.

ப்ளாவுக்கு காட்டு இயற்கை மேல பெரிய பிரியம் ஒண்ணும் கிடையாது. உழுத வயல், அளவா வெட்டின மரம், சமையலுக்கு ஆகுற மீன், வடக்குல இருந்து மண்டையைப் பிளக்குற மாதிரி வீசுற த்ரமுன்தானா காத்து, அதெல்லாம்தான் அவருக்கு உலகம். சரியான பெயரடை கிடைக்குற வரைக்கும் யோசிக்கத்தான் சிகரெட்டைக் கையால சுருட்டுறேன்னு சொல்லுவாரு. சமையல்னா பானைக்குள்ள போட்ட நிலம்னு அவர் பேர்ல ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுத்துது, 1972ல 'எல் கெ எம் மென்ஜத்'னு (நாங்க சாப்பிட்டது) தனியா ஒரு புத்தகமே சாப்பாட்டைப் பத்திப் போட்டாரு. அரசியல்ல பழமைவாதி, அது அங்க இன்னைக்கும் பலருக்கு உறுத்தல். ஆனா இயற்கையை வர்ணனையா எழுதாம, என்ன விளையுது யாரு விக்கிறான் எது இப்ப கிடைக்கலைன்னு எழுதுற பழக்கத்தைப் பதிச்சு வச்சவரு அவர்தான். கதையை நம்பாம டைரியும் கட்டுரையும் எழுதியே பெரிய எழுத்தாளர் ஆகலாம்ங்கிற தைரியமும் அவர் கொடுத்ததுதான்.

அவரைவிட எனக்குக் கொஞ்சம் மனசுக்கு நெருக்கமானவரு மரியா மனென்ட் (1898–1988), பேரைப் பாத்துட்டு பெண்ணுன்னு நினைக்காதீங்க, ஆண்தான். கவிஞர், சீனக் கவிதைகளை இங்கிலீஷ் வழியா கட்டலானுக்குக் கொண்டு வந்தவரு. 1936ல உள்நாட்டுப் போர் வெடிச்சதும் குடும்பத்தோட மொன்ட்செனி மலையில விலத்ராவ் ஊர்ப்பக்கம் ஒதுங்கி இருந்துக்கிட்டு டைரி எழுதினாரு. இன்னிக்கு எந்தப் பூ பூத்துச்சு, எந்தப் பறவை கத்துச்சு, மூடுபனி எப்ப விலகுச்சுன்னு ஒரு வரி, அடுத்த வரியில ரொட்டி கிடைக்கல, தெரிஞ்சவரு ஒருத்தரு போயிட்டாரு. ரெண்டையும் அவர் ஒட்ட வைக்கவே மாட்டாரு, பக்கத்து பக்கத்துல விட்டுட்டுப் போயிடுவாரு. அந்த டைரி 1975ல தான் புத்தகமா வந்துச்சு, அந்தப் போர்ல ஜெயிச்சு நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்த வருஷம். தலைப்பு என்ன தெரியுமா, 'எல் வெல் தெ மாயா', மாயையின் திரை. ஆமா, நம்ம மாயையேதான், ஐரோப்பிய தத்துவக்காரங்க வழியா சுத்திப் போய் அங்க சேர்ந்திருக்கு. பூவும் பனியும் அந்தப் பக்கம் நடக்குற கொலையை மறைக்குற திரையா, இல்ல கொலைதான் திரையா, புத்தகம் முழுக்க அந்த சந்தேகம் ஓடுது, அவர் தீர்த்து வைக்கல.

மூணாவது ஜுசெப் மரியா எஸ்பினாஸ், 2023ல தான் இறந்தாரு. இவரு நடந்தே எழுதினவரு. 1956ல பின்னாடி நோபல் வாங்கின காமிலோ ஹோசே செலாவோட சேர்ந்து பிரனீஸ்ல நடந்தாரு, அப்புறம் 'ஆ பெயு பெர்'னு ஒரு வரிசையே போட்டாரு, 'நடந்தே இன்ன ஊர் வழியா'ன்னு அர்த்தம். டூரிஸ்ட் எட்டிப் பாக்காத ஊராப் பாத்துத்தான் போவாரு, கோட்டை கோபுரம் எதுவும் பத்தி பேச மாட்டாரு, திண்ணையில உக்காந்துருக்குற பாட்டிகிட்ட இந்த வருஷம் பாதாம் எப்படின்னு கேப்பாரு. பார்சா கால்பந்து கிளப்போட பாட்டுக்கு வரி எழுதின ரெண்டு பேர்ல இவரும் ஒருத்தர்ங்கிறது சும்மா ஒரு கூடுதல் தகவல்.

இங்க ஒரு சின்ன விலகல். நகரத்துல இருந்து வார லீவுக்கு வர்றவங்களுக்கு கிராமத்துக்காரங்க வச்சிருக்குற பட்டப்பேரைத் தெரிஞ்சுக்காம இந்த எழுத்தோட ருசி தெரியாது. 'பிஷபின்ஸ்', பைன் மரத்துல ஒண்ணுக்கு அடிக்கிறவன். எம்போர்தா பக்கம் இன்னொண்ணு 'கமாகு', எதைப் பாத்தாலும் 'கெ மாகு', அதாவது எவ்ளோ அழகுன்னு வாயைப் பொளக்குறதால வந்த பேரு. கட்டலான் எழுத்தாளர் கிராமத்தைப் பத்தி எழுத உக்காந்தா அவர் தோள் மேல இந்த ரெண்டு வார்த்தையும் உக்காந்துக்கும். வர்ணனை கொஞ்சம் ஓவரா போச்சுன்னா உடனே கமாகு ஆயிடுவாரு. சமீபமா வர்ற சில 'நகரத்தை விட்டு மலைக்குப் போனேன், ரொட்டி சுட்டேன், மனசு லேசாச்சு' வகைப் புத்தகங்கள் எனக்கு ஒத்துக்கல, அதுக்குக் காரணம் இந்த பயம் அதுல இல்லாததுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். சைதீன்னு ஒரு சின்ன ஊரு. நிர்வாகத்துல கட்டலோனியாவுக்குப் பக்கத்து அரகோன் மாநிலம், பேசுறது கட்டலான், ஆனா அரகோன்ல அந்த மொழிக்கு அரசு மொழி அந்தஸ்து கிடையாது. இந்த ஒரே ஊர்ல இருந்து ரெண்டு பெரிய எழுத்தாளர்கள். மெர்சே இபார்ஸ் 1954ல பொறந்தவங்க, பார்சிலோனாவுல பத்திரிகையாளரா இருந்தவங்க. 1993ல 'லா தெர்ரா ரெதிராதா'ன்னு ஒரு புத்தகம் எழுதினாங்க. தலைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. ஐரோப்பாவுல தானியம் அளவுக்கு மீறி விளைஞ்சு கிடங்குல தேங்குனதால, நிலத்துல ஒரு பகுதிய விதைக்காம சும்மா போடு, அதுக்கு காசு தர்றோம்னு 1988ல திட்டம் கொண்டு வந்தாங்க, 1992 சீர்திருத்தத்துல உதவித்தொகை வேணும்னா பெரிய தானிய விவசாயிங்க 15 சதவீதம் நிலத்தை சும்மா போட்டே ஆகணும்னு ஆச்சு. அப்படி 'விலக்கி வச்ச நிலம்'தான் தெர்ரா ரெதிராதா. ஆபீஸ் ஃபாரத்துல இருக்குற ஒரு வார்த்தையை எடுத்து தன் ஊர் மேல போட்டாங்க. தலைமுறை தலைமுறையா கல்லு பொறுக்கி, வாய்க்கா வெட்டி, ஒரு அடி நிலத்துக்காக அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை விட்டுட்டு வாழ்ந்த ஆளுங்க கிட்ட போய் விதைக்காம இருந்தா காசுன்னா அவங்களுக்கு எப்படி இருக்கும்? இன்னொரு அடுக்கும் இருக்குன்னு எனக்குத் தோணுது. 'ரெதிராதா'ன்னா பின்வாங்கல். 1939ல உள்நாட்டுப் போர்ல தோத்துப் போய் பனியில பிரனீஸைத் தாண்டி பிரான்சுக்கு நடந்த லட்சக்கணக்கான பேரோட கதையை கட்டலான்ல 'லா ரெதிராதா'ன்னு தான் சொல்லுவாங்க. ஊரைச் சொல்ற தலைப்புக்குள்ள தோல்வியும் சேர்ந்து ஒலிக்குது.

இபார்ஸ் அழுது வடியறது இல்ல, அதுதான் அதோட பலம். ஊரை விட்டுப் போன பொண்ணு திரும்பி வந்து பாக்குறா, போனதுக்கு குற்ற உணர்ச்சியும் இல்ல, இருந்திருக்கணும்ங்கிற ஏக்கமும் இல்ல, கணக்கு மட்டும் கேக்குறா. அப்புறம் வந்த ரெண்டு பகுதியையும் சேர்த்து 2020ல 'த்ரிப்திக் தெ லா தெர்ரா'ன்னு ஒரே புத்தகமா வந்துருக்கு.

அதே சைதீயில 1972ல பொறந்தவரு ஃபிரன்செஸ்க் செரெஸ். அவரோட 'லா பெல் தெ லா ஃப்ரன்தேரா' (எல்லையோட தோல், 2014) பாக்குறது அதே நிலத்தைத்தான், ஆனா ஆளுங்க வேற. 1906ல திறந்த அரகோன் கட்டலோனியா கால்வாய் வந்த பிறகு அந்த வறண்ட பூமி மெல்ல மெல்ல பழத்தோட்டமாச்சு, பீச், பேரிக்கா, ஆப்பிள். பழம் பறிக்க உள்ளூர்ல ஆளில்ல. ஆப்பிரிக்காவுல இருந்தும் கிழக்கு ஐரோப்பாவுல இருந்தும் வந்தவங்க ஒவ்வொரு கோடையிலயும் வந்து பறிக்கிறாங்க, தூங்க இடமில்லாம கைவிட்ட கொட்டாயிலயும் பாழடைஞ்ச வீட்டுலயும் படுத்துக்கிறாங்க. யோசிச்சுப் பாத்தா, முன்னாடி சொன்ன ஊரை விட்டுப் போனவங்க விட்டுட்டுப் போன அதே சுவருக்குள்ளதான் இவங்க. சுற்றுச்சூழல் எழுத்துன்னு கடையில தேடினா இந்தப் புத்தகத்தை அந்த அலமாரியில வைக்க மாட்டாங்க. ஆனா ஒரு பீச் பழம் எப்படி நம்ம தட்டுக்கு வருதுன்னு தெரியாம கிராம இயற்கைன்னு என்ன பேசுறது?

மொழி பத்தியும் சொல்லணும். ஜுவான் கொரொமினெஸ்ங்கிற மொழியியல்காரரு ஊர் ஊரா போய் மேய்ப்பர்கள், விவசாயிங்க கிட்ட உக்காந்து, இந்தப் பாறைக்குப் பேரென்ன அந்த ஓடைக்குப் பேரென்னன்னு கேட்டுக் கேட்டு சேர்த்தது 8 தொகுதியா 1989ல இருந்து 1997க்குள்ள 'ஒனொமாஸ்திகொன் கதலோனியே'ன்னு வந்துச்சு. அது அகராதிதான், ஆனா எனக்கு அதைவிட பெரிய சுற்றுச்சூழல் புத்தகம் கட்டலான்ல இல்லைன்னு தோணும். மேய்ப்பன் போனா ஆடு மட்டும் போகல, எந்த மேட்டுல எப்ப புல்லு நல்லாருக்கும்னு சொல்ற பேரும் போயிடுச்சு. ஓவியரும் எழுத்தாளருமான பெரஜௌமெ இதை வேற திசையில கொண்டு போறாரு. கட்டலான்ல விவசாயிக்கு 'பஜெஸ்', புத்தகப் பக்கத்துக்கு 'பாஜினா', ரெண்டுக்கும் லத்தீன்ல தூரத்து வேர் ஒண்ணு. 2011ல வந்த அவரோட 'பஜெஸிகெஸ்' புத்தகத்தோட தலைப்பே விவசாயியோட பேர்ல இருந்து பிறந்ததுதான். எழுதுறதும் உழுறதும் ஒண்ணுங்கிற மாதிரி போகும், சில இடத்துல ரொம்ப சுத்தி வளைப்பாரு, எனக்கு மூச்சு முட்டும்.

தெற்கே எப்ரோ நதி முகத்துவாரத்துக்குப் போனா தொனியே வேற. 2001ல ஸ்பெயின் அரசு எப்ரோ தண்ணிய குழாய்ல வேற மாகாணங்களுக்குக் கொண்டு போற திட்டம் போட்டப்ப ஊரே எழுந்துச்சு, முடிச்சுப் போட்ட நீலக் குழாய்தான் அடையாளம், 'லோ ரியு எஸ் விதா'ன்னு கோஷம், ஆறுதான் உயிர். பாடப்புத்தக கட்டலான்ல 'எல் ரியு'ன்னு வரணும், 'லோ'ங்கிறது அந்தப் பக்கத்து வட்டார வழக்கு. அதை மாத்தாம அப்படியே எழுதினதுலயே பாதி அரசியல் இருக்கு. 2004ல திட்டத்தை ரத்து பண்ணாங்க. ஆனா டெல்டாவோட பிரச்சனை தண்ணி மட்டும் இல்ல, மண்ணு. மேல 1960கள்ல கட்டின மெகினென்சா, ரிபரோஜா அணைகள் வண்டலைப் பிடிச்சு வச்சுக்கிச்சு, டெல்டா கொஞ்சம் கொஞ்சமா அமுங்குது, கடல் ஏறுது. 2020 ஜனவரி குளோரியா புயல்ல கடல் வந்து நெல் வயல் மேல படுத்துச்சு, சுமார் 3,000 ஹெக்டேர். அங்க போய் தங்கி காபி மார்த்தினெஸ்ங்கிற எழுத்தாளர் 2023ல 'டெல்டா'ன்னு எழுதினாரு, ஆனா ஸ்பானிஷ்ல. அதை கட்டலான் எழுத்துல சேர்க்கலாமாங்கிற சண்டைக்குள்ள நான் போகல, அது முடியாது.

வெர்தகேர் பொறந்த ஒசோனா மாவட்டத்தை ஒரு வரியில சொல்லிடுறேன். ஊத்துத் தண்ணிக்குப் பேர் போன ஊரு, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஊத்தடிக்குப் போய் சாப்பிடுறது பழைய வழக்கம். இன்னிக்கு கட்டலோனியாவுல மனுஷங்க எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பன்னி இருக்கு, அதுல பெரும் பண்ணைகள் இந்தப் பக்கம் நெறைய. பன்னிச் சாணி கரைசலை வயல்ல ஊத்தி ஊத்தி பல ஊத்துல நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம்ங்கிற குடிநீர் வரம்பைத் தாண்டிடுச்சு, உள்ளூர் ஆறு பாதுகாப்புக் குழு வருஷா வருஷம் பாட்டில்ல பிடிச்சு சோதிச்சு கணக்கு வெளியிடுது.

கடைசியா தீ. அழுக்குக் காடுன்னு பெருசுங்க சொன்னதோட பில்லு 1994லயும் 1998லயும் வந்துச்சு, நடு கட்டலோனியா எரிஞ்சுச்சு. அப்புறம்தான் 1999ல தீயணைப்புத் துறையில காட்டுத் தீக்குன்னே 'க்ராஃப்'னு தனிப் பிரிவு. அதோட மார்க் கஸ்தெல்நௌ மாதிரி ஆளுங்க பேட்டியில சொல்றதைக் கேட்டா தீயணைப்பு பத்தி பேசுற மாதிரியே இருக்காது, விவசாயம் பத்தி பேசுற மாதிரி இருக்கும், வயல் இருந்தா தீ நிக்கும், ஆடு இருந்தா தீ நிக்கும். அந்த யோசனையில இருந்துதான் பௌ கோஸ்தா அறக்கட்டளையோட 'ரமத்ஸ் தெ ஃபொக்' வந்துச்சு, தீ மந்தைன்னு வச்சுக்கலாம். தீ எந்த வழியா ஓடும்னு பாத்து அங்க ஆடு மேய்க்க விடுறாங்க, அந்த ஆட்டுக் கறி கசாப்புக் கடையில தனி முத்திரையோட விக்குது. பல்யார்ஸ் மலையில 2009ல இருந்து மேய்ப்பர் பள்ளிக்கூடமே நடக்குது, சேர்றவங்கள்ல நகரத்துப் பிள்ளைங்களும் உண்டு.

எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு. தீக்கு அது ஆரம்பிச்ச ஊர் பேரைத்தான் வைப்பாங்க. பிக்காஸோ இளவயசுல தங்கி வரைஞ்ச ஓர்த்தா தெ சன்ஜுவான்னு ஒரு ஊரு, அந்தப் பேரை இப்ப பலருக்கு ஞாபகப்படுத்துறது 2009ல அஞ்சு க்ராஃப் வீரர்கள் செத்த தீ. 2019ல தெற்குல பெரிய தீ, கோழிப் பண்ணையில குவிச்ச எரு தானா பத்திக்கிட்டதுல வந்ததுன்னு விசாரணையில சொன்னாங்க, லா தோர்ரே தெ லெஸ்பன்யோல்ங்கிற ஊர் பேரை பார்சிலோனாவுல பாதிப் பேர் அன்னிக்குத்தான் முதல் தடவை உச்சரிச்சிருப்பாங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்கன்னா, இப்ப எல்லாரும் கையில வச்சிருக்குறது இரேனே சோலாவோட 2019 நாவல், மேகமும் காளானும் மானும் கதை சொல்லும், நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நாவல், நான் பேசினது வேற அலமாரி. மனென்ட் டைரிய நடுவுல எங்க வேணா பிரிச்சுப் படிக்கலாம். ப்ளாவை மொத்தமா முழுங்கப் பாக்காதீங்க, சாப்பாட்டுப் புத்தகத்துல நுழைங்க. என்கிட்ட கேட்டா இபார்ஸ் முதல்ல, ரொம்ப சின்னப் புத்தகம், ரெண்டு ராத்திரில முடிஞ்சுடும், அதை மூடினதும் அதே ஊர்க்காரர் செரெஸை எடுங்க.